சைக்கிள்காரர் ஏன் திடீரென்று குறுக்கே வருகிறார்?

விபத்துச் செய்திகளில் மாறாத வரி ஒன்று உண்டு: ‘சைக்கிளில் சென்றவர் திடீரென்று குறுக்கே வந்ததால் கார் மோதியது.’ காரை ஓட்டியவரும் அதையே சொல்வார், எதிர்க்கடையில் நின்றவரும் அதையே சொல்வார். அடிபட்டவர் மறுத்துப் பேசும் நிலையில் இருக்கமாட்டார். விசாரணை அதோடு முடிந்துவிடும்.

நான் தஞ்சைப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வாங்கிய பிள்ளைகள் மாலை மணி அடித்ததும் கூட்டம் கூட்டமாக நெடுஞ்சாலையில் ஏறிப் போவதைத் தினமும் பார்க்கிறேன். நானும் அதே சாலையில் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போகிறேன். பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகிவிட்டது: வேலையற்றுப் போய் யாரும் குறுக்கே வருவதில்லை. இடப்பக்கத்தில் ஏதோ ஒன்று அவர்களை வலப்பக்கம் தள்ளுகிறது. அந்த ஏதோ ஒன்று எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நம்பாதவர்கள் எங்கள் பக்கம் வந்து, சாலையின் இடது ஓரமாகவே கொஞ்ச தூரம் சைக்கிள் ஓட்டிப் பார்க்கட்டும். வண்டிகளின் டயர்கள் ஒதுக்கித் தள்ளிய மணலும் பொடி ஜல்லியும் அங்கேதான் சேர்ந்து கிடக்கும். சீமைக் கருவேலக் கிளை முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குள் நுழைந்தால் வடிகால் மூடி ஒன்று உள்ளே இறங்கியிருக்கும், அடுத்தது மேலே தூக்கியிருக்கும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். சுற்றிலும் கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் இரண்டு மூன்று கற்கள் அங்கேயே கிடக்கும், இருட்டில் தெரியாது. உளுந்து அறுத்தால் செடியைச் சாலையிலேயே பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தில் அடிபட விடுவார்கள். அந்தக் கொடி செயினில் சுற்றிக்கொண்டால் சைக்கிள் போன வேகத்தில் அப்படியே நிற்கும். விவசாயியைத் திட்ட எனக்கு மனமில்லை. ஊரில் களம் இருந்தால் அவர் ஏன் தார் ரோட்டுக்கு வரப்போகிறார்?

இவற்றை எல்லாம்விட மோசமானது தார் முடியும் விளிம்பு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே புதுத் தார் போட்டுக்கொண்டே போனதில், சாலை உயர்ந்துவிட்டது, பக்கத்து மண் கீழே தங்கிவிட்டது. சில இடங்களில் ஒரு சாண் பள்ளம். பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் விளிம்புகளை அந்த உத்தரவு தாழ்த்தப்போவதில்லை.

அந்த விளிம்பு எப்படி ஆளை விழவைக்கிறது என்பதை வகுப்பில் ஒரு பாடமாகவே நடத்துகிறேன். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்பித்தான் நாம் விழாமல் ஓட்டுகிறோம். நம்மை அறியாமல் ஒவ்வொரு நொடியும் கை இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, பிள்ளை மண்ணில் இறங்குகிறது. லாரி போனதும் மறுபடி தாரில் ஏறப் பார்க்கிறது. முன்சக்கரம் விளிம்பில் ஏறாமல் உரசிக்கொண்டே ஓடுகிறது. உடம்பு வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யச் சக்கரம் வலப்பக்கம் திரும்ப வேண்டும், விளிம்பு திரும்பவிடாது. அடுத்த கணம் சைக்கிளோடு சாலையின் நடுப்பக்கம் விழவேண்டியதுதான். லாரிக்குப் பின்னால் வந்த கார்க்காரருக்கு இது ‘திடீரென்று குறுக்கே வந்தது’. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், அவர் பார்த்தது கடைசி ஒரு நொடியை மட்டும்தான்.

அந்த ஒரு நொடியில் அவருடைய கார் எவ்வளவு தூரம் போகும்? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் 22 மீட்டர். பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே போய்விடும் தூரம் இது. எனவே சைக்கிளை முந்தும்போது வேகத்தைக் குறைப்பதும் ஒன்றரை மீட்டராவது விலகிப் போவதும் மரியாதைக்காகச் செய்யும் காரியங்கள் இல்லை, ஆளைக் கொல்லாமல் இருப்பதற்கு அவைதான் வழி. நடந்து போகிறவர்கள் மீது கார் மோதினால், வேகம் 50-லிருந்து 65 ஆகும்போது மரண அபாயம் 4.5 மடங்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளில் போகிறவருக்கும் எலும்பு அதே எலும்புதான். 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105, இந்தியாவிலேயே அதிகம். அந்த ஆண்டு நாடு முழுவதும் நடந்த விபத்துகளில் பெரிய வகை, பின்னாலிருந்து மோதியவை.

பஸ்ஸும் டிரெய்லரும் வேறு விதம். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்வாங்கித்தான் வரும். முன்பக்கம் கடந்துவிட்டது, இனி இடம் இருக்கிறது என்று ஓரத்தில் நிற்கிற சைக்கிளைப் பின்சக்கரம் பிடித்துவிடும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அந்த மூலை தெரியவே தெரியாது. டவுன் பஸ் சைக்கிளை முந்திய கையோடு நிறுத்தத்துக்காக இடப்பக்கம் ஒடிப்பதும் இதே வகைதான். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையவே நுழையாதே. அது நகரும்வரை பின்னாலேயே நில், தாமதமானால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடைத்தெருவில் நிற்கும் காரின் கதவு திடீரெனத் திறப்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் இடது கையால் கதவைத் திறந்தால் போதும், உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் வருபவர் கண்ணில் படுவார். காசு செலவில்லாத பழக்கம்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் தப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே. எதிர்த்திசையில் வருவது முதல் தப்பு. எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள். 60-ல் வரும் கார் பின்னாலிருந்து நெருங்கினால் வேக வித்தியாசம் 45, எதிரில் நெருங்கினால் 75. ஒதுங்க நேரம் கூடுவதில்லை, குறைகிறது. இதிலும் ஒரு ‘ஆனால்’ உண்டு: நடுவே தடுப்புச் சுவர் கட்டிவிட்டு, திரும்பும் இடத்தை இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் மிதிக்கும்? காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட்டுவதற்கு மட்டும் என்னிடம் எந்த ‘ஆனாலும்’ கிடையாது. தேய்ந்த பிரேக் கட்டையோடு மழையில் ஓட்டுவதற்கும்தான். ரிம் நனைந்திருந்தால் புதுக் கட்டைகூடப் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும்.

விளக்கு. என் அப்பா காலத்தில் விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். டைனமோ போனது, அந்தப் பயமும் போனது. இன்று கடையில் விற்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் விளக்கே இருப்பதில்லை. கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் பல பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பின் சிறப்பு வகுப்பு முடிகிறது. அடர்நிறச் சீருடையில், விளக்கில்லாத சைக்கிளில், தெருவிளக்கில்லாத சாலையில் அனுப்பிவைக்கிறோம். மதிப்பெண்ணுக்காக இந்த ஆபத்தை உண்டாக்குவது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். சிறப்பு வகுப்பைக் காலையில் வையுங்கள் என்று ஆசிரியர் கூட்டங்களில் சொல்லி வருகிறேன். காலையில் யாரும் வரமாட்டார்கள் என்கிறார்கள். யார் வரமாட்டார்கள், பிள்ளைகளா, ஆசிரியர்களா என்று கேட்டால் பதில் இல்லை.

‘குறுக்கே வந்தார்’ என்ற வரியில் நான் இவ்வளவு தூரம் தொங்குவதற்குக் காரணம் பணம். சைக்கிளுக்குக் காப்பீடு இல்லை, அதனால் நமக்கு ஒன்றும் கிடைக்காது என்று நினைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மோதியவர் நிற்காமல் ஓடி, வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. ஆனால், தீர்ப்பாயத்தில் ‘அவருடைய கவனக்குறைவும் காரணம்’ என்று முடிவானால் அந்த அளவுக்குத் தொகையைக் கழித்துவிடுவார்கள். சாலை செய்த தப்புக்கு, விழுந்தவர் வீட்டுக்காரர்கள் அபராதம் கட்டுவதுபோல ஆகிவிடும்.

விபத்து நடந்த இடத்தில் போலீஸார் பார்வை மகஜரும் (நேரில் பார்த்ததை எழுதிவைக்கும் குறிப்பு) மாதிரி வரைபடமும் போடுகிறார்கள். சென்னை ஐஐடி உருவாக்கிய தேசிய விபத்துத் தரவுத்தளத்துக்காக, செயலியிலும் விவரம் பதிகிறார்கள். அதிலெல்லாம் கூடுதலாக ஒரு விவரம் வேண்டும்: தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள உயரம் எத்தனை சென்டிமீட்டர், ஓரத்தில் என்ன கிடந்தது. ஒரு டேப்பும் இரண்டு நிமிடமும் போதும். அதுவரை, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், மருத்துவமனையில் ஒருவர் இருக்க, இன்னொருவர் அன்றைக்கே அந்த இடத்துக்குப் போய், விளிம்பில் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் போனால் மண் கொட்டிச் சமன் செய்திருப்பார்கள்.