ஊட்சோன் கைகழுவிவிட்டாரா?

சிட்னி ஓபரா ஹவுஸை வடிவமைத்த டென்மார்க்காரர் யோர்ன் ஊட்சோன், 1966இல் கோபித்துக்கொண்டு போனவர், அப்புறம் அந்தக் கட்டடத்தைத் தொடவே இல்லை என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பாதிதான் உண்மை. அவர் விலகினார், 1973 திறப்பு விழாவுக்கு வரவில்லை, முடிந்த கட்டடத்தை நேரில் பார்க்கவே இல்லை. ஆனால் 1999இல் நிர்வாகம் மறுபடி அழைத்தபோது சம்மதித்தார். வருங்காலப் பராமரிப்புக்கும் மாற்றங்களுக்கும் வழிகாட்டும் வடிவமைப்புக் கோட்பாடுகளை எழுதிக் கொடுத்தார். மகன் யான் உடன் உழைத்தார். 2004இல் ஓபரா ஹவுஸுக்குள் திறந்த ஊட்சோன் அறைக்குள் போய்ப் பாருங்கள்: ஒரு பக்கம் துறைமுக நீர், எதிர்ச்சுவரில் அவரே வரைந்த வடிவத்தில் நெய்யப்பட்ட 14 மீட்டர் நீளச் சுவர்ச்சீலை. கைகழுவியவர் செய்கிற வேலையா இது? தயவுசெய்து அந்தப் பதிவைப் பகிராதீர்கள்.