பேங்க்: கரையும் பலகையும்

போன வாரம் எட்டாவது படிக்கிற மகள் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து நின்றாள். ஒரு பாடத்தில் பேங்க் என்றால் ஆற்றங்கரை. அடுத்த பாடத்தில் அதே பேங்க், பணம் போடுகிற இடம். "ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். எனக்கு மனசு ஆறவில்லை. சம்பந்தம் இருக்கிறது. அதைக் காட்டுகிற பொருளே எங்கள் வீட்டில் இருக்கிறது.

இரண்டாங்கட்டு அறைக்குக் கூட்டிப்போய்ப் பாட்டையாவின் கணக்குப் பெட்டியைக் காட்டினேன். பர்மாத் தேக்கு. முழங்கால் உயரம்கூட வராது. எழுதத் தோதாக மூடி சாய்ந்திருக்கும். தூக்கினால் பேரேட்டுக்கு ஒரு தட்டு, சில்லறைக்குச் சின்னச் சின்னக் குழிகள். மூடியின் வலது ஓரம் மட்டும் கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்து நிறமே மாறிவிட்டது. பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போனவர் (கடல் கடந்து தொழில் செய்யப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் பார்த்த கூடத்தில், இதற்கு முன்னால் சம்மணம் போட்டுத்தான் வரவு செலவு பார்த்தார். இந்தப் பெட்டியும் விரித்த பாயும்தான் கடை. தொழில் பழக வந்தவனுக்குப் பேரே பெட்டியடிப் பையன். இப்படிப் பெட்டியடியில் வளர்ந்த நகரத்தார் சமூகத்திலிருந்துதான் 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில்.

இத்தாலியிலும் இதே கதைதான். நாணயம் மாற்றித் தந்தவர்கள் ஒரு பலகையைப் போட்டுத் தொழில் செய்தார்கள். அந்தப் பலகைக்குப் பேர் 'பாங்கா'. அதுவே தொழிலுக்கும் பேராகி, 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. திவாலானவரைச் சொல்லும் பேங்க்ரப்ட் என்ற சொல்லும் 'உடைந்த பலகை' என்ற இத்தாலியத் தொடரிலிருந்து வந்ததுதான்.

கரையைக் குறிக்கும் பேங்க் அதைவிட மூத்தது. 1200 வாக்கிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்த சொல். ஆனால் இத்தாலியர் பாங்காவை எடுத்ததும் பழைய ஜெர்மானியப் பேச்சிலிருந்துதான். ஆக, இரண்டுக்கும் வேர் ஒன்றே: மேடாக நிற்பது. மண் என்றால் கரை, மரம் என்றால் பலகை. வகுப்பில் உட்காரும் பெஞ்ச்சும் இந்தக் குடும்பம்தான். "அப்ப நம்ம கண்மாய்க்கரையும் பெஞ்ச்தானேம்மா, சாயங்காலம் எல்லாரும் அதுலதானே உட்காருறாங்க" என்றாள் மகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மனப்பாடம் பண்ணச் சொல்வதென்றால் நம் 'வங்கி' என்ற சொல்லுக்குச் சொல்லலாம். பேங்க் என்ற ஒலியை ஒட்டி வந்த வங்கி ஒன்று. அப்பத்தா மேற்கையில் நகையாகப் போட்டிருந்த வங்கி இன்னொன்று. எழுத்து ஒன்றுதான், உறவு கிடையாது. ஆங்கிலச் சொல்லுக்கு இருக்கிற உறவை ஏன் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டும்? வேர் தெரிந்தால் நாலு சொல் சேர்ந்து மனசில் நிற்குமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடுகளைப் பிரிக்கிறபோது இந்தப் பெட்டிகள் காரைக்குடியில் பழைய சாமான் கடைகளுக்குப் போய்விடுகின்றன. வாங்குகிறவர் பூச்சாடி வைக்க எடுத்துப் போகிறார். விற்பது அவரவர் நிலைமை, குறை சொல்ல மாட்டேன். விற்பதற்கு முன்னால் பிள்ளைகளை ஒருமுறை அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார வையுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது பிள்ளைகளைக் கூட்டிவந்தால் எங்கள் வீடு திறந்தே இருக்கும். மூடியைத் தூக்கிக் காட்ட மகள் இருக்கிறாள்.