திறந்து பார்க்காமல் ‘குப்பை’ என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒரு சோடி பழைய ஸ்பீக்கருக்கு நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து ஆளுக்கு ஆள் தொலைபேசியில் அழைத்து, “கடைக்காரர் சொன்னதில் என்ன பிழை?” என்று கேட்கிறீர்கள்.

பிழை இதுதான். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், முன்பக்கத் துணியை நீக்கிப் பார்த்த மாத்திரத்தில் “இது குப்பை, புதியது வாங்குங்கள்” என்று அவர் சொல்லிவிட்டார். அதை நம்பி, தன் அப்பா விட்டுச்சென்ற அந்த ஸ்பீக்கர்களை ஒரு பிள்ளை பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டது.

அவை குப்பை அல்ல. அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம் உக்கியிருந்தது, அவ்வளவுதான். தொட்டால் கறுப்பு மாவாக விரலில் ஒட்டியது. எந்த ஊரிலும் காலம் போனால் உக்குகிற பொருள் அது. நமது வெக்கையிலும் ஈரக்காற்றிலும் இன்னும் விரைவாக உக்கும். கூம்பை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தேன். உள்ளே கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் உரசவில்லை. அதே அளவில் புது வளையம் ஒட்டியிருந்தால் பெட்டி மறுபடி பாடியிருக்கும். இதைச் சொன்னதற்குத்தான் அங்கே நின்றவர்கள் “பைத்தியம்”, “கஞ்சத்தனம்” என்று அத்தனை பேர் முன்னால் சிரித்தார்கள்.

என் பெரியப்பாவின் கல்லடி வீட்டை 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனது. திருத்தக் கொடுத்திருந்ததால் ஸ்பீக்கர்கள் மட்டும் தப்பின. ஊரில் ஆடிய வடமோடிக் கூத்தின் ஒலிநாடா ஒன்று அவரிடம் உண்டு. பிற்காலத்தில் அதில் மத்தளம் கேட்டது, சல்லரி என்கிற கைத்தாளம் கேட்கவில்லை. தன் காதுதான் போய்விட்டது என்று மனிதர் நம்பியிருந்தார். பெட்டியைத் திறந்தேன். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீற்றருக்குப் போகும் வழியில், அந்த ஒலிகளை மட்டும் விடுகிற பழைய எலெக்ட்ரோலிட்டிக் வகைக் கப்பாசிற்றர் (மின்தேக்கி) வலுவிழந்திருந்தது. அதே கொள்ளளவில் (மைக்ரோஃபரட்), வோல்ட் அளவு குறையாமல், ஃபிலிம் வகைக் கப்பாசிற்றர் ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். வயர் முனைகளில் படர்ந்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினேன். சுவர் மூலையில் சீமெந்துத் தரையில் கிடந்த பெட்டிகளை முன்னே இழுத்து, ஸ்டூலில் ரப்பர் துண்டுகள் வைத்து, ட்வீற்றர் காது மட்டத்துக்கு வரும்படி ஏற்றினேன். மூலையில் அதிர்ந்த இரைச்சல் அடங்கியது. சல்லரி விழுந்ததும் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதையா நீங்கள் பைத்தியம் என்கிறீர்கள்?

“ஸ்பீக்கர் வயருக்கு இலட்சம் கொட்டுகிறவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள்” என்று ஒருவர். நான் எப்போது இலட்சம் கேட்டேன்? வீட்டுக்குள் நாலு முழ தூரத்துக்கு ஓரளவு தடித்த சாதாரண செப்பு வயர் போதும் என்றுதான் எப்போதும் சொல்லி வருகிறேன். அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். “புளூடூத் பெட்டி போதாதா?” போதுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தது?

“கஞ்சத்தனம்” என்றீர்களே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடே தவித்தபோது, நின்றுபோன மின்விசிறியையும் ரேடியோவையும் எந்தக் கைகளிடம் கொண்டுபோனீர்கள்? அப்போது நாங்கள் கெட்டிக்காரர்கள். இப்போது கடைகள் நிறைந்துவிட்டன, நாங்கள் கஞ்சர்கள். ஈயப்புகையில் கண் எரிய உட்கார்ந்திருப்பவனுக்கும் மானம் உண்டு. திருத்துகிறவனை இளக்காரமாகப் பார்த்துப் பார்த்தே, இந்த வேலை தெரிந்த பையன்களையெல்லாம் வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டோம்.

வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் எறியுமுன் என்னிடம் கொண்டுவாருங்கள். கூலி வேண்டாம். வளையத்துக்கும் கப்பாசிற்றருக்கும் ஆகும் காசை மட்டும் தாருங்கள்.