ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயும் தெரியுமா?

ஈரோடு, திருப்பூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இரட்டை முறை பயோசென்சர் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடும், பயாப்சி வேண்டாம்." இது தவறு. (பயோசென்சர் என்றால் ரத்தத்தில் உள்ள ஒரு பொருளைக் கண்டறிந்து அளக்கும் சிறு கருவி; பயாப்சி என்றால் சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது.)

இரட்டை முறை என்றால், ஒரே குறிப்பானை (புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருளை) நிறமாற்றம், மின்னோட்டம் என இரு வழிகளில் அளந்து ஒப்பிடுவது. அருமையான ஆராய்ச்சிதான், ஆனால் பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அப்புறம், குறிப்பான் கூடினாலே புற்றுநோய் என்றில்லை. பிஎஸ்ஏ என்ற குறிப்பான், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும் கூடும். சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ-125 என்ற குறிப்பான் மாதவிடாய் நாட்களிலும் ஏறும். உறுதி செய்ய பெரும்பாலும் பயாப்சிதான் வேண்டும்.

மார்பில் கட்டி தெரிந்தும் இந்தப் பட்டையை நம்பி யாராவது காத்திருந்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. சந்தேகம் இருந்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ 104 மருத்துவ உதவி எண்ணிலோ கேளுங்கள். இந்தச் செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாமுங்க.