தடிமனான சுவர் மட்டும் போதாது

மேலே ஒருவர், "பழைய பகுதியில் புதுப்பித்த வீடு என்றால் சுவர் நல்ல தடிமன், சத்தம் வராது, குளிரும் வெயிலும் தாக்காது, யோசிக்காமல் வாடகைக்கு எடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

தடிமனாக இருப்பது வெளிச்சுவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே பல கட்டடங்களில் மர உத்தரமும் பலகையும்தான். மேல்வீட்டுக்காரர் நடப்பது, நாற்காலி இழுப்பது எல்லாம் அதன் வழியே இறங்கும். தளத்தைப் பிரித்து வேலை செய்திருந்தால் ஒழிய பெரிதாகக் குறையாது. தெருச் சத்தமோ ஜன்னல் வழியாக வரும். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால், ஜன்னலை மாற்ற உரிமையாளருக்கே அனுமதி தேவைப்படலாம். பழைய ஒற்றைக் கண்ணாடி பல வீடுகளில் அப்படியே நிற்பது அதனால்தான்.

செங்கல் சுவர் சூட்டைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. 45 செ.மீ. செங்கல், சுமார் 3 செ.மீ. கண்ணாடிப் பஞ்சு (வெப்பத்தைத் தடுக்கச் சுவரில் வைக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு) அளவுக்குத்தான் வெப்பத்தைத் தடுக்கும். நம்பச் சிரமம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

புதுப்பிப்பு வேலை பெயிண்டோடும் சமையலறை அலமாரியோடும் முடிந்திருக்கலாம். வயரிங், தண்ணீர்க் குழாய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள்; பழைய கட்டடங்களில் ஈயக் குழாய் இன்னும் இருப்பதுண்டு. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அப்புறம் தரையோரம் பெயிண்ட் உப்பும், பூஞ்சை பிடிக்கும். பீரோவை நகர்த்திப் பின்பக்கச் சுவரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.