பழங்காலக் கடலின் வெப்பநிலை வெறும் ஊகமா?

"வெப்பமானியே 17-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, அப்படியிருக்க, பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் வெப்பநிலையைச் சொல்வது வெறும் ஊகம்" என்றொரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இதன் முதல் பாதி சரி. அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவு தவறு.

கடலின் ஒளிபுகும் மேலடுக்கில் வாழும் எமிலியானியா ஹக்ஸ்லேயி போன்ற ஒற்றைச்செல் பாசிகள், 37 கார்பன் அணுக்கள் கோத்த ஆல்கீனோன் என்னும் மூலக்கூறுகளை உருவாக்குகின்றன. நீர் குளிர்ந்திருந்தால் மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட ஆல்கீனோன்களின் பங்கு கூடுகிறது; வெதுவெதுப்பாக இருந்தால் இரண்டு பிணைப்புகள் கொண்டவை மிகுகின்றன. பாசி மடிந்து கடலடிச் சேற்றில் புதைந்து, அதன் நுண்ணிய சுண்ணத் தகடுகள்கூடக் கரைந்துபோன இடங்களிலும் இம்மூலக்கூறுகள் எஞ்சியிருப்பதுண்டு.

இந்த விகிதம் சும்மா சொல்லப்பட்டதன்று. ஆய்வகத்தில் வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்த பாசிகளிலும், இன்றைய கடலடியின் மேற்சேற்றிலும் அது அளந்து ஒப்பிடப்பட்டுள்ளது. இவ்விரு வகைகளுள் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்டவற்றின் பங்கைக் காட்டும் எண்ணே குறியீடு; ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் அது ஏறத்தாழ 0.034 உயர்கிறது. ஒரு சேற்று மாதிரியில் அது 0.72 என வந்தால், அப்பாசி வாழ்ந்த நீர் சுமார் 20 டிகிரி இருந்தது என்று பொருள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஏறத்தாழ 28 டிகிரிக்கு மேல் குறியீடு உச்சத்தை எட்டிவிடுவதால், மிக வெப்பமான கடல்களில் இம்முறை தடுமாறுகிறது. நீரோட்டம் தொலைவிலிருந்து சேற்றை அடித்துவந்து கலப்பதும் உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் இதை மட்டும் நம்பாமல், ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் கடலுயிரிகளின் ஓடுகளில் உள்ள, வெப்பநிலைக்கேற்ப மாறும் மெக்னீசியம்–கால்சியம் விகிதத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.