எலிசபெத்தை எங்களுக்குக் காட்ட ஏன் இத்தனை பயம்?

'எலிசபெத்' என்ற இசை நாடகத்தைப் பற்றி யாரிடமாவது ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தால் போதும், இரண்டாவது நிமிடமே அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "ஆங்கிலத்தில் எங்கே பார்க்கலாம்?" எங்கேயும் பார்க்க முடியாது. லண்டனின் நாடக அரங்குப் பகுதியான வெஸ்ட் எண்டிலும் கிடையாது, நியூயார்க்கின் பிராட்வேயிலும் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

1992 செப்டம்பரில் வியன்னாவில் அரங்கேறிய நாடகம் இது. எழுத்து மிக்கேல் குன்ஸே, இசை சில்வெஸ்டர் லெவாய். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை 1898இல் ஜெனீவாவில் கூராக்கிய அரத்தால் குத்திக் கொன்றவன் லூக்கேனி. அந்தக் கொலைகாரனே மேடையில் நின்று கதையை நடத்துகிறான். மரணம் ஓர் அழகான இளைஞனாக உருவெடுத்து, சிறு வயதிலிருந்தே அவளை விடாமல் பின்தொடர்கிறான். 'பால்' என்றொரு காட்சி இருக்கிறது. ஏழைகள் காலிப் பாத்திரங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். பால் இல்லை, பேரரசி அதில்தான் குளிக்கிறாள் என்று லூக்கேனி அவர்களிடம் சொல்கிறான். முணுமுணுப்பாகத் தொடங்கும் கூட்டத்தின் குரல் படிப்படியாக ஏறி, ஒரு சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரமே ஆடுவது போல முடிகிறது. ஒலிப்பதிவில் கேட்டாலே மயிர்க்கூச்செறிகிறது. அதை நேரில் பார்க்க ஜெர்மன் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ரசிகர்கள் ராப்பகலாக உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இது என்ன நியாயம்?

கேட்டால் உடனே ஒரு சமாதானம் வரும். "ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கதை ஆங்கிலப் பார்வையாளருக்கு ஒட்டாது." எரிச்சலின் உச்சம் இதுதான். ஜப்பானுக்கும் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கும் என்ன உறவு? பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுகா குழு 1996இல் இதை ஜப்பானிய மொழியில் மேடையேற்றியது. மரணத்தையே கதாநாயகனாக்கி, அவனுக்கென்று ஒரு புதுப் பாடலையும் எழுதி வாங்கியது. 2000இல் தோஹோ நிறுவனம் ஆண் நடிகர்களையும் சேர்த்துத் தன் பங்குக்கு நடத்தியது. அன்றிலிருந்து அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. 2012இல் தென் கொரியாவிலும் மேடையேறியது. ஹங்கேரி, நெதர்லாந்து, ஸ்வீடன், பின்லாந்து எல்லோரும் தத்தம் மொழியில் பார்த்தாயிற்று. டோக்கியோவிலும் சியோலிலும் புரிந்த கதை லண்டனில் மட்டும் புரியாது என்பது பார்வையாளரை அவமதிப்பது அல்லாமல் வேறென்ன?

அடுத்த சாக்கு, கதை மிகவும் இருண்டது என்பது. பாதாளத்தில் ஒளிந்துகொண்டு ஒரு பாடகியைக் கடத்திச் செல்பவனின் கதையான 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓப்பரா' பிராட்வேயில் 1988 முதல் 2023 வரை ஓடியது! மனித இறைச்சியில் பணியாரம் சுடும் முடிதிருத்துபவனின் கதையான 'ஸ்வீனி டாட்'டையும் அதே ஊர் கைதட்டி ரசித்தது. இருட்டு அவர்களுக்குப் புதிதே அல்ல.

எல்லா நாடகமும் எல்லா ஊருக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் வந்த 'லண்டன் ரோடு', இப்ஸ்விச் நகரில் நடந்த தொடர் கொலைகளைப் பற்றி அந்தத் தெருவாசிகள் பேசியதை, அவர்களின் தயக்கமும் இழுப்பும் மாறாமல் இசையாக்கியது. அந்த உச்சரிப்பிலேயே அதன் உயிர் இருக்கிறது, இன்னொரு மொழிக்குக் கொண்டுபோனால் செத்துவிடும். இதை ஒப்புக்கொள்கிறேன். 'எலிசபெத்' அப்படிப்பட்ட நாடகமா?

உண்மையான காரணம் பணமும் பயமும்தான். வியன்னாவில் இந்த அரங்குகளை நடத்தும் நிறுவனத்துக்கு மாநகராட்சி மானியம் உண்டு, துணிந்து புதியதைப் போடலாம். பிராட்வேயில் தனியார் பணம். ஒரு பெரிய இசை நாடகத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் போகிறது, பெரும்பாலானவை போட்ட முதலைத் திருப்பி எடுப்பதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே பிராட்வே, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'கிங் காங்'குக்கு ஏறக்குறைய மூன்றரைக் கோடி டாலர் கொட்டியது. மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும் குரங்குப் பொம்மை! 2018இல் திறந்து 2019 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். சினிமாவால் தெரிந்த பெயர் என்றால் பணப்பை தானாகத் திறக்கிறது.

இதைவிட மோசமானது 'டான்ஸ் டேர் வாம்பயர்'க்கு நேர்ந்த கதி. 1997இல் வியன்னாவில் வென்ற அந்த நாடகம் முழுக்க முழுக்கப் பாடலாலேயே நகர்வது. 2002இல் பிராட்வேக்குக் கொண்டுவந்தபோது கேலிப் பேச்சுகளைத் திணித்து அதைக் கோமாளித்தனமாக்கினார்கள். 56 காட்சிகளோடு முடிந்தது, ஒரு கோடி டாலருக்கு மேல் நட்டம். நாடகத்தைச் சிதைத்தது அவர்கள், பழி மட்டும் ஐரோப்பிய இசை நாடகங்களின் தலையில்! அந்தத் தோல்வியைக் காட்டியே இன்றைக்கும் கதவைச் சாத்துகிறார்கள்.

'லே மிஸராப்ள' எங்கிருந்து வந்தது என்பதையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? 1980இல் பாரிஸில் சில மாதங்கள் நடந்து முடிந்துபோன பிரெஞ்சு நாடகம் அது. தயாரிப்பாளர் கேமரன் மேக்கின்டாஷ் அதன் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் புதிதாக எழுதவைத்து, 1985இல் லண்டனில் மேடையேற்றினார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், மக்கள் டிக்கெட்டுக்கு வரிசை கட்டினார்கள். அவர் ஒருவர் அன்றைக்குத் தயங்கியிருந்தால், அதையும் இன்று நாங்கள் பழைய ஒலிப்பதிவில்தான் தேடிக்கொண்டிருப்போம்.

முழுத் தயாரிப்புக்குத் துணிவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2022இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் 'நோத்ர தாம் த பாரி' என்ற பிரெஞ்சு இசை நாடகம் பிரெஞ்சிலேயே நடந்தது. மேலே ஆங்கில எழுத்து ஓடியது, மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 'எலிசபெத்'தையும் அப்படி ஜெர்மனிலேயே பாடட்டும், மேலே எழுத்து ஓடட்டும், ஒரே ஒரு வாரம் நடக்கட்டும். மூன்றரைக் கோடி டாலர் வேண்டாம், குரங்குப் பொம்மை வேண்டாம். அதற்குக்கூட ஒரு தயாரிப்பாளர் முன்வரமாட்டாரா?